கார்க் கதவில் அழும் பெண்

என் மகளின் காரில், படம் ஒட்டிய பிறகு முதல்முறை ஏறிய அன்று, தெருமுனை தாண்டும்வரை நான் நிமிரவில்லை. செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தே இருந்தேன். நான் போட்டிருந்தது சாதாரண ரப்பர் செருப்பு. அதில் சரிசெய்ய ஒன்றும் கிடையாது. மகள் கவனித்தாள். கியர் மாற்றினாள்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கார். முப்பதை நெருங்கும் என் ஒரே மகள் தன் சம்பளத்தில் வாங்கியது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறாள். வாங்கிய புதிதில் அது மற்றவர்கள் காரைப் போலத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளியே போன வண்டி திரும்பி வந்தபோது, இரண்டு பக்கக் கதவுகளிலும் பானெட்டிலும் ஒரு பெண் இருந்தாள். முழங்கால் வரைக்கும் ஊதா முடி. அகலக் காலர் வைத்த பள்ளிச் சீருடை. முகத்தில் பாதி கண்தான். அந்தக் கண்ணின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர். கீழே ஜப்பான் எழுத்தில் இரண்டு வரி.

"யாரும்மா இது?" என்றேன்.

"ஒரு அனிமேல, ஜப்பான் கார்ட்டூன்ல வர்றவப்பா. கலங்கரை விளக்கத்துல தனியா வேலை பாக்கறா. வராத கப்பலுக்காகத் தெனமும் வெளக்கு ஏத்துவா."

"கப்பலே வரலேன்னா சம்பளம் யாரு குடுக்கறது?"

"அப்பா!" என்றாள். முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கல்லூரியில் சேர்ந்த நாளில்கூட அவளை அப்படிப் பார்த்த ஞாபகம் இல்லை. அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது, எதிர் வீட்டு மாடியில் இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

வாகனங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். வண்டியில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, மாற்றினால் யாரிடம் எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். என் காலத்தில் எலுமிச்சம்பழம் கட்டிய லாரி, பூதக் கண் வரைந்த லாரி, பின் கண்ணாடி முழுக்கத் தலைவர் படம் ஒட்டி ஓட்டுநருக்குப் பின்னால் வருவது தெரியாத வேன், பிள்ளைகளின் பெயரைப் பட்டியலாகப் போட்டுக் கடைசிப் பிள்ளைக்கு இடமில்லாமல் பம்பரில் எழுதிய ஆட்டோ எல்லாம் பார்த்திருக்கிறேன். எதற்கும் வெட்கப்பட்டதில்லை. அவை எல்லாம் மற்றவர்களுடைய வண்டி.

மறுநாள் காலை நடையில், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் கேட்டார்: "என்ன சார், வீட்டு வாசல்ல பால்வாடி வேன் நிக்குது? பேத்தியா? சொல்லவே இல்ல?"

"மகளோட வண்டி" என்றேன்.

"ஓ" என்றார். அந்த 'ஓ' மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்து என் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தேன். "பதிவுச் சான்றுல வண்டி நெறம் வெள்ளைன்னு இருக்கு. நெறத்த மாத்துனா தெரிவிக்கணும். தெரியுமா?"

"தெரியும்ப்பா. அதான் பாதிக்கு மேல வெள்ளைய விட்டிருக்கேன். லைட்டு, கண்ணாடி, நம்பர் பிளேட்டு எதையும் தொடல. வேணும்னா வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். அளவுநாடா மட்டும்தான் எடுத்துப் போகவில்லை. ஒரு குறையும் இல்லை. நான் வளர்த்த பெண் என்பது அதில்தான் தெரிந்தது. அடுக்களை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, காருக்கு எஃப்.சி. முடிஞ்சுச்சுன்னா செத்த நேரம் வந்து தேங்காய உடைச்சுத் தாங்க" என்றாள்.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். அந்தப் பெண்ணின் தலையைச் சுற்றி வெள்ளைப் பறவைகள் பறந்தன. அவை ஜப்பானிலிருந்து வந்தவை அல்ல. எங்கள் ஊர்ப் பறவைகள். மகள் படத்தைக் கம்ப்யூட்டரில் தயார்செய்து, ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் ஸ்டிக்கராக அச்சடிக்கக் கொடுத்திருக்கிறாள். பூப்புனித நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிக்கிற கடை. அங்கே டிசைன் செய்கிறவர், "பொண்ணு அழுகுது, சுத்தி வெறுமனே கெடக்கே மேடம்" என்று தன் கைப்பழக்கத்தில் புறாக்களைச் சேர்த்துவிட்டார். எங்கள் ஊரில் இறந்தவர்களின் போஸ்டரில் தலைக்கு மேலே பறக்குமே, சிறகை விரித்து, வாயில் ஒன்றும் இல்லாமல், அதே புறாக்கள். மகளுக்கு அவை கடல் பறவைகளாகத் தெரிந்திருக்கின்றன. கலங்கரை விளக்கத்துக்குப் பொருத்தம் என்று விட்டுவிட்டாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அவள் நின்று பார்த்தவள் இல்லை. நான் தினமும் பார்க்கிறவன். ஓய்வு பெற்றவர்களுக்கு அதுதான் செய்தித்தாள். புறாவை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். சொல்லவில்லை. இருக்கிற கேவலத்தில் இது ஒன்று கூடுதலா என்று விட்டுவிட்டேன்.

ஜப்பானில் இப்படிப் படம் ஒட்டிய கார்களுக்கு 'இடாஷா' என்று பெயராம். மகள் சொன்னாள். பார்க்கவே வலிக்கிற கார் என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் கேலிக்கு வைத்ததை, ஒட்டுகிறவர்களே தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்களாம். வாரக் கடைசியில் அப்படிப்பட்ட கார்கள் எல்லாம் ஒரு இடத்தில் கூடி நிற்குமாம். கோயம்புத்தூரிலும் ஒரு சிலர் இருக்கிறார்கள், ஒருநாள் போக வேண்டும் என்றாள்.

"வலிக்கும்னு தெரிஞ்சே ஒட்டறாங்களா?"

"வலிக்கறது பாக்கறவங்களுக்குப்பா. ஒட்டுனவங்களுக்கு இல்ல."

வலித்தது எனக்கு. அதை வீட்டில் ஒளிக்கவும் இல்லை. விருந்தாளி வந்தால் காரைச் சந்துக்குள் நிறுத்தச் சொன்னேன். கோயிலுக்கு ஆட்டோவில் போனேன். ஒருநாள் சாப்பிடும்போது, "எனக்காக அத எடுத்துடும்மா" என்று நேராகவே கேட்டேன். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் சொன்னாள். எனக்கு வலது கண்ணில் புரை முற்றி ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கு அவள் காரில்தான் போய்வர வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. அது முடிந்து, புதுக் கண்ணால் நான் படத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். அப்போதும் கேவலம் என்று சொன்னால் எடுத்துவிடுவாள்.

"ஆனா பாக்கணும். இப்ப மாதிரி மொகத்தத் திருப்பிக்கிட்டுச் சொல்லக் கூடாது."

நான் ஒப்புக்கொண்டேன். தீர்ப்பு என் கையில் இருக்கும் ஒப்பந்தத்துக்கு யார்தான் மறுப்பார்கள்?

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து, சொட்டு மருந்து போட்டு, பக்கவாட்டையும் மூடுகிற பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் கொடைரோட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மகள் பின்பக்கம் கழிப்பறைக்குப் போனாள். நான் கால் மரத்துப் போயிருந்ததால் இறங்கி, கார்க் கதவில் சாய்ந்து நின்றேன். மருந்து வேலை செய்து கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்கு அடியில் கைக்குட்டையை நுழைத்துத் துடைத்தபடி இருந்தேன்.

டீக்கடை வாசலில் நாலைந்து இளைஞர்கள், கொடைக்கானல் போகிறவர்கள் போலிருக்கிறது, காரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, பெருசப் பாரு. வண்டியப் பாரு."

"தாத்தாவுக்கு ஆளு செட்டாயிருச்சுடா."

"செல்ஃபி எடுடா, தாத்தாவும் வரட்டும்."

ஒருவன் செல்போனை உயர்த்தினான். எனக்குக் காது மடல் சுட்டது. அலுவலகத்தில் என் மேசை முன்னால் நாற்காலியில் உட்காராமல் நின்றே பேசிப் போனவர்களின் பிள்ளைகள் வயது இருக்கும். உள்ளே ஏறி உட்காரலாம் என்று கதவைத் தேடினேன். கைப்பிடி அந்தப் பெண்ணின் இடுப்பில் இருந்தது. அவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பூக்காரம்மாள் வந்தார். கடை ஓரத்தில் கூடை வைத்து நிலக்கோட்டை மல்லிகை விற்கிறவர். நாற்பத்தைந்து, ஐம்பது வயது. பூ விற்க வந்தார் என்று நினைத்தேன். அவர் காரின் கதவையே பார்த்தார். அழுகிற பெண். மேலே புறாக்கள். கீழே இரண்டு வரி. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் கிழவன். அவர் கணக்குப் போட்டதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது.

"பொண்ணு தவறி எம்புட்டு நாளாச்சுய்யா?" என்றார்.

இளைஞர்களின் சிரிப்பு அறுந்தது. உயர்த்திய செல்போன் கீழே இறங்கியது. ஒருவன் வாயிலிருந்த சிகரெட்டைப் போட்டு மிதித்தான். "டேய், சும்மா இருங்கடா" என்று இன்னொருவன் அடிக்குரலில் சொன்னது கேட்டது. அத்தனை நாள் நான் பட்ட வெட்கம் முழுவதும் ஒரே கேள்வியில் இறங்கிப் போயிற்று. நான் பரிகாசத்துக்கு உரியவன் இல்லை. மரியாதைக்கு உரியவன். 'இல்லம்மா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான்.

"கொஞ்ச நாள் ஆச்சும்மா" என்றேன்.

"என்ன செஞ்சுச்சு?"

"காய்ச்சல்."

"வயசு?"

"பதினாறு." அந்த அனிமேப் பெண்ணின் வயது அது, மகள் எப்போதோ சொல்லியிருந்தாள். பொய்யும் விண்ணப்பம் மாதிரிதான். முதல் வரியை நிரப்பிவிட்டால் அடுத்ததைக் காலியாக விட முடியாது. என் அனுபவத்தில் நான் அதைத் தயக்கமில்லாமல் நிரப்பினேன்.

"கண்ணப் பாரு, எம்மாம் பெரிய கண்ணு" என்று அவர் படத்தைத் தடவினார். "அய்யா ஒங்க சாடைதான்."

கூடைக்குப் போனார். பந்திலிருந்து மல்லிகையை உருவி, முழம் போடாமல், வந்த அளவுக்கு அறுத்து எடுத்து வந்தார். பானெட்டில் இருந்த முகத்துக்கு மேலே, வைப்பரில் செருகினார். நான் சட்டைப் பையில் கை விட்டேன். "இதுக்குப் போயிக் காசு குடுப்பாகளாய்யா?" என்று கையைத் தள்ளிவிட்டார்.

மகள் திரும்பி வந்தது அப்போதுதான். வைப்பரில் பூவைப் பார்த்தாள். பக்கத்தில் கை கூப்பாத குறையாக நிற்கும் பூக்காரம்மாளைப் பார்த்தாள். அவள் முகம் விரிந்தது. எங்கள் தெருவில், எங்கள் சொந்தத்தில், அந்தக் காரைப் பார்த்து ஒரு ஜீவன்கூட நல்ல வார்த்தை சொன்னதில்லை. முதல்முதலாக ஒருவர் பூ வைத்திருக்கிறார்.

"அக்கா, நீங்களா வச்சீங்க? புடிச்சிருக்காக்கா? அய்யோ, தாங்க்ஸ்க்கா! பாத்தீங்களாப்பா?"

பாதிப் பூவைப் பிய்த்துத் தன் பின்னலில் செருகிக்கொண்டாள்.

"ஏத்தா! எடு, எடு! அதத் தலையில வெக்காத!" பூக்காரம்மாள் பதறி அவள் தலையிலிருந்தே பறித்தார். "அது ஒந் தங்கச்சிக்கு வச்சதுத்தா. செத்த புள்ளைக்கு வச்சதப் போயி…"

மகள் என்னைப் பார்த்தாள். நல்லவேளையாகக் கண்ணாடி கறுப்பு. ஆனால் என் முகத்தில் கண்ணாடி மூடாத இடமும் இருந்தது. அவள் என் மகள். ஒரு பார்வையில் கோப்பு முழுவதையும் படித்துவிட்டாள். சுற்றிலும் தலைகுனிந்து நிற்கும் பையன்களையும் பார்த்தாள்.

அங்கேயே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் பூவைப் பூக்காரம்மாள் கையிலிருந்து வாங்கி, வைப்பரில் பழையபடி செருகினாள்.

"சரிக்கா. தெரியாம வச்சுட்டேன்" என்றாள்.

அம்பாத்துரை தாண்டினோம். காற்றில் மல்லிகை வைப்பரோடு சேர்ந்து அடித்துக்கொண்டே வந்தது. காந்திகிராமம் பக்கம் வரும்போது மகள், சாலையை விட்டுப் பார்வையை எடுக்காமல் கேட்டாள்.

"நான் எதுல செத்தேன்ப்பா?"

"நீ இல்லம்மா. தங்கச்சின்னு அவங்களா…"

"உங்களுக்கு நான் ஒருத்திதான்."

"…காய்ச்சல்."

"என்ன காய்ச்சல்? டெங்குவா, டைபாய்டா?"

"அத அவங்க கேக்கல."

"டெத் சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டீங்களா? நீங்கதான் அதெல்லாம் நாள் தவறாம கரெக்டா செய்வீங்களே."

அவள் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். இடது கண்ணால் திரும்பிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கதவில் இருந்தவளைப் போலப் பெரிய சொட்டாக இல்லை. மூக்கோரம் சாதாரணமாக வழிந்துகொண்டிருந்தது.

வீட்டில் என் மனைவிக்கு மகளே சொன்னாள். மனைவி உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, மகளை வாசலில் கிழக்குப் பார்த்து நிறுத்திச் சுற்றி, அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்து வீடெல்லாம் கமறியது. அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நாலு பேரு சிரிச்சா என்ன, ஒட்டிக்கவா போகுது? அதுக்குப் பெத்த புள்ளையச் சாகடிப்பாகளா?"

"படத்தைத்தான் சொன்னேன்."

"படத்தக் காட்டி யாரச் சொன்னீக?"

முப்பத்துச் சொச்சம் வருஷம் ஆட்சேபணைக்குப் பதில் எழுதிப் பிழைத்தவன், கறுப்புக் கண்ணாடியோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருமல்கூட என் அனுமதியில்லாமல்தான் வந்தது.

அதற்குப் பிறகு மகள் காரைத் தானாகவே சந்துக்குள் நிறுத்தினாள். மேலே உறை போட்டு மூடினாள். கடைக்குப் போக வேண்டும் என்றால் என் பழைய ஸ்கூட்டரை எடுத்தாள். நான் கேட்டது எல்லாம் நான் கேட்காமலே நடந்தது. ஒருநாள் மத்தியானம் சந்தில் ஏதோ ஓசை கேட்டுப் போய்ப் பார்த்தேன். நீளமான ஒயர் இழுத்து ஹேர் டிரையரைச் சொருகி, பின்கதவில் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சூடாக்கி, நகத்தால் தூக்கிக்கொண்டிருந்தாள். ஊதா முடியின் நுனி சுருண்டு தொங்கியது.

"இன்னும் ஒரு மாசம் ஆகலயே. நான் இன்னும் சொல்லலயே" என்றேன்.

"நீங்க சொல்ல வேணாம்ப்பா. எனக்கே பாக்க முடியல. இவ வெளக்கு ஏத்துறவளா தெரியல இப்ப. செத்துப் போன பொண்ணாத்தான் தெரியுறா. உங்க பொண்ணா."

எனக்குச் சாதகமான உத்தரவு. கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுத்தாகிவிட்டது. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போக என்னால் முடியவில்லை. அவள் கையிலிருந்த ஹேர் டிரையரின் சுவிட்சை அணைத்தேன்.

"கடைசிச் செக்கப்புக்கு இதுலயே போவோம். அந்தம்மாகிட்ட நான் சொல்லிர்றேன். அதுக்கப்புறம் நீ என்ன வேணா செய்யி."

"சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"என்னன்னு?"

"பொய் சொன்னேன்னு."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் தூக்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். அது முழுதாக ஒட்டவில்லை.

பரிசோதனை முடிந்து திரும்பும்போது, மதுரையிலிருந்தே மனதுக்குள் வாசகம் தயார்செய்துகொண்டு வந்தேன். 'தாங்கள் அன்று கேட்ட கேள்விக்கு நான் அளித்த பதில் உண்மைக்கு மாறானது' என்று தொடங்கும் வாசகம். வாடிப்பட்டி வருவதற்குள் அதை நாலு தடவை திருத்தினேன். கொடைரோட்டில் டீக்கடை தெரிந்தபோது எல்லாம் போய்விட்டது. எங்கள் காரை யாராலும் தவறவிட முடியாது. பூக்காரம்மாள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். நாங்கள் நிறுத்துவதற்குள் எழுந்து, கூடையில் கை விட்டு, முழம் போடாமல் ஒரு கை நிறையப் பூவை அறுத்துவிட்டார்.

நான் முந்திக்கொண்டு இறங்கினேன்.

"அம்மா, பூ வேண்டாம். இது என் பொண்ணு இல்ல. இது பொம்மப் படம். என் பொண்ணு இவதான். ஒரே பொண்ணு. யாரும் சாகல. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். முகம் இளகியது. பிறகு என்னைத் தாண்டி மகளிடம் போய், மெதுவாகக் கேட்டார்.

"அய்யாவுக்கு எப்பயிருந்துத்தா இப்புடி? டாக்டர்ட்ட காட்டுனீகளா? எங்க சின்னய்யனும் இப்புடித்தான், மகன் செத்தப்புறம் மகனே இல்லேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொய்யைச் சொன்னபோது ஆதாரம் கேட்காதவர், உண்மையைச் சொன்னபோது என்னை நோயாளியாக்கிவிட்டார். "நெசமாத்தாம்மா" என்றேன். "சரிய்யா, சரிய்யா, ஒக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார். ஆயிரம் பேரிடம் அத்தாட்சி கேட்டவன் நான். இறக்காத மகள் இறக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று எனக்குத் தெரியவில்லை.

மகள்தான் செல்போனை எடுத்தாள். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதையோ தேடி ஓடவிட்டுக் காட்டினாள். ஊதா முடிப் பெண் வளைந்த படிகளில் ஓடி ஏறினாள். மூச்சு வாங்கினாள். உச்சியில் போய் விளக்கை ஏற்றினாள். கடல் முழுக்க வெளிச்சம் சுற்றியது. பூக்காரம்மாள் வாய் திறந்தபடி பார்த்தார். திரும்பிக் கார்க் கதவைப் பார்த்தார். மறுபடி செல்போனைப் பார்த்தார்.

"அட, கார்ட்டூனு!" என்று சிரித்தார். மகளும் சிரித்தாள்.

"எனக்கு இவள ரொம்பப் புடிக்கும்க்கா. அதான் ஒட்டிக்கிட்டேன்."

"நல்லாத்தான் இருக்கா. அழுதாலும் அழகாத்தான் இருக்கா." சொல்லிக்கொண்டே வந்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அன்னிக்கு யாருய்யா காய்ச்சல்ல போனது?"

நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

"நா அன்னிக்கு வீட்ல போயி அழுதேன். எம் மகளப் பக்கத்துல படுக்கப் போட்டுக்கிட்டு அழுதேன். கொழம்பு வைக்கல, வெஞ்சனம் வைக்கல." குரலை உயர்த்தவில்லை. டீக்கடைக்காரரும் மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எதுக்குய்யா?"

"சிரிச்சாங்க" என்றேன். "வண்டியப் பாத்து."

என் வாயிலிருந்து அது வெளியே வந்தபோது எவ்வளவு சின்னதாக இருந்தது என்பதை என்னாலேயே தாங்க முடியவில்லை. அவர் கையிலிருந்த பூவைக் கூடைக்குள் போட்டு, ஈரத்துணியால் மூடினார். பிறகு புதிதாக ஒரு பந்தை எடுத்தார்.

"ஒனக்கு எத்தன மொழம்த்தா?"

"ரெண்டுக்கா."

முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இழுத்துப் பிடித்து அளந்தார். கறாரான அளவு, ஒரு மொட்டுகூட அதிகம் இல்லை. அறுத்து, வாழைநாரால் முடிந்தார். நான் பர்ஸை எடுத்தேன்.

"நீங்க குடுக்காதீக" என்றார், பர்ஸைப் பார்த்து. "அதுவே குடுக்கட்டும்."

மகள் கொடுத்தாள். அவர் எண்ணி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பூவை மகளின் பின்னலில் தானே வைத்துவிட்டார். வைத்த பிறகு அவள் தலையை இரண்டு கையாலும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார், இருக்கிறதா என்று சரிபார்ப்பதுபோல.

காரில் ஏறியதும் மகள் சாவியைத் திருப்பவில்லை.

"பாத்துட்டீங்கள்ல, புதுக் கண்ணால. இப்பச் சொல்லுங்க. எடுக்கவா?"

இறங்கி, முன்னால் போய் நின்று பார்த்தேன். ஒப்பந்தம் ஒப்பந்தம். ஊதா என்று நான் நினைத்திருந்த முடியில் நீலமும் ரோஜா நிறமும் ஓடின. கண்ணுக்குள்ளே குட்டியாக ஒரு விளக்கு எரிந்தது. புரை விழுந்த கண்ணால் இத்தனை நாள் அதைப் பார்க்கவே இல்லை. அழகு என்று என் வாயால் சொல்ல வரவில்லை. அன்றும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. எது காரைப் பற்றியது, எது என்னைப் பற்றியது என்று பிரிக்கத் தெரியவில்லை.

"புறாவ மட்டும் எடுத்துரும்மா" என்றேன், உள்ளே வந்து.

"அது கடல் பறவைப்பா."

"இந்த ஊருல அது புறாதான். பொண்ணு இருக்கட்டும்."

அவள் வண்டியை எடுத்தாள். வழி நெடுக அவள் தலையிலிருந்து மல்லிகை மணத்தது. திண்டுக்கல்லுக்குள் நுழைந்து சிக்னலில் நின்றோம். நான் குனியவில்லை, ஜன்னல் கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். பக்கத்தில் பைக்கில் காலூன்றி நின்றவர் கதவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, முகத்தைத் துக்கத்துக்குத் தயாராக்கிக்கொண்டு கேட்டார்.

"யாரு சார் இது?"

"ஜப்பான் பொம்மப் படம். என் பொண்ணு ஒட்டுனது."

"என்ன சார்? கேக்கல."

உண்மையில் எனக்கே கேட்கவில்லை. பச்சை விழ இன்னும் நேரம் இருந்தது. மகள் நேராகச் சாலையைப் பார்த்தபடி, என் பக்கத்துக் கண்ணாடியை நான் ஏற்றிவிடாதபடி அவள் பக்கத்துச் சுவிட்சின் மேல் விரலை வைத்திருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, பைக்கில் நின்றவருக்கும் பின்னால் நின்ற ஆட்டோவுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன்.